குரலில் டைப் பண்ண நாய்ஸ் கேன்சலிங் ஹெட்செட் வாங்கப் போகிறீர்களா?

பெட்டி மேல் பெரிதாகப் போட்டிருக்கும் 'ஆக்டிவ் நாய்ஸ் கேன்சலிங்' உங்கள் காதுக்கானது. நீங்கள் பேசுவதைக் கேட்டு எழுதும் சாஃப்ட்வேருக்கு அதனால் நேரடியாக ஒரு பிரயோஜனமும் கிடையாது. இருபதாயிரத்துக்கு மேல் கொடுத்து வாங்கிய பாட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டு கூகுள் டாக்ஸில் நாலு வரி பேசிப் பார்த்துவிட்டு, "தமிழுக்கு வாய்ஸ் டைப்பிங் எல்லாம் சரிப்படாது" என்று மூடி வைத்துவிடுகிறவர்களுக்காகத்தான் இதை முதலிலேயே சொல்கிறேன்.

மணிக்கட்டு வலியால் மெயில், கட்டுரை எல்லாமே எனக்குக் குரலில்தான். இரண்டு வகையையும் வைத்துப் பார்த்துவிட்டேன்: காதை முழுக்க மூடி, மைக்கையும் அங்கேயே ஒளித்து வைத்திருக்கும் பாட்டு ஹெட்போன் ஒன்று, வாய்க்கு முன்னால் மைக் நீண்டு, யூஎஸ்பி டாங்கிளோடு (லேப்டாப்பில் செருகும் சின்ன வயர்லெஸ் துண்டு) வரும் ஆபீஸ் ஹெட்செட் இன்னொன்று. கம்பெனி பெயர்கள் வேண்டாம், இங்கே அமைப்புதான் விஷயம்.

பாட்டு ஹெட்போன் ஃபேன், ஏசி மாதிரி ஒரே சீரான சத்தத்தை அருமையாக அமுக்கும். மிக்ஸி, குக்கர் விசில், மேல் வீட்டில் டைல்ஸ் வெட்டுவது எல்லாம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். சிக்கல் மைக்கில். அது வாயை விட்டுத் தள்ளிக் காதோரம் இருப்பதால் குரலோடு அறைச் சத்தத்தையும் சேர்த்துப் பிடிக்கிறது, பிறகு உள்ளே இருக்கும் சிப் குரல் எது, சத்தம் எது என்று கணித்து வெட்டுகிறது. போன் பேச இது போதும், விட்டுப்போனதை எதிரில் இருப்பவர் ஊகித்துக்கொள்வார். டிக்டேஷனில் அப்படி முடியாது. தமிழில் வாக்கியத்தின் கடைசி அசையில்தான் ஆள் யார் என்பதே இருக்கிறது. வந்தான், வந்தாள், வந்தார் என்பதில் நாம் குரலை இறக்கிச் சொல்லும் அந்த வாலைத்தான் சிப் சத்தம் என்று நினைத்து நறுக்குகிறது. திரையில் யார் வந்தது என்று நானே தேட வேண்டியிருந்தது.

அடுத்தது புளூடூத். பாட்டு கேட்கும்போது ஏ2டிபி என்ற ஒருவழிப் பாதை. பேச மைக் பட்டனைத் தட்டியதும் வழக்கமான புளூடூத் ஹெட்போன் எச்எஃப்பி என்ற போன் பாதைக்கு மாறும், பாட்டும் உடனே பழைய டிரான்சிஸ்டர் தரத்துக்கு இறங்கிவிடும். மாறுகிற அந்த நொடியில் முதல் வார்த்தை காணாமல் போகும், அதனால் மைக்கை அழுத்தி ஒரு மூச்சு விட்டுத்தான் பேச வேண்டும். ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறைக்குக் கோடெக் என்று பெயர். பழைய சிவிஎஸ்டி கோடெக்கில் சாம்பிள் ரேட் (ஒலியை நொடிக்கு எத்தனை தடவை அளக்கிறது என்பது) 8 கிலோஹெர்ட்ஸ், அதாவது 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் போகாது. ஸ என்ற சீறல் ஒலியின் பெரும்பகுதி இருப்பதே அதற்கு மேல்தான். எம்எஸ்பிசி என்ற அடுத்த கோடெக் இருந்தால் 16 கிலோஹெர்ட்ஸ், டிக்டேஷனுக்கு அது போதும், பேச்சை எழுத்தாக்கும் விஸ்பர் சாஃப்ட்வேர் கூட ஒலியை 16 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்றித்தான் வாங்குகிறது. எல்இ ஆடியோ என்ற புதிய புளூடூத் முறையில் எல்சி3 கோடெக் இன்னும் மேலே போகும், ஆனால் ஹெட்செட், கம்ப்யூட்டர் இரண்டிலும் அந்த வசதி வேண்டும்.

இவ்வளவு படித்தும் பாட்டு ஹெட்போன்தான் கையில் இருக்கிறது என்றால், சவுண்ட் செட்டிங்கில் இன்புட்டை லேப்டாப் மைக்குக்கு மாற்றிவிட்டு ஹெட்போனைக் கேட்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அமைதியான அறையில் இதுவே மேல். சில நூறு ரூபாய் வயர் இயர்போன்கூடப் பல நேரம் ஜெயிக்கிறது.

ஆபீஸ் ஹெட்செட் அழகில் பூஜ்யம், பாட்டுக்கும் சுமார். ஆனால் மைக் உதட்டோரம் இருப்பதால் சிப்புக்கு நறுக்க வேண்டிய வேலையே குறைவு, வால்கள் பிழைக்கின்றன. மைக்கை வாய்க்கு நேராக வைக்காதீர்கள், மூச்சுக்காற்று இடிக்கும். வாயோரத்தில், விரல் அகலம் தள்ளி. டாங்கிள் போட்டுவிட்டால் லேப்டாப் புளூடூத்தின் தொல்லையும் இல்லை. என்னுடையதில் ஏஎன்சி, அதாவது ஆக்டிவ் நாய்ஸ் கேன்சலிங், உண்டு, அதன் மறைமுக லாபம் எனக்குப் பிடித்திருக்கிறது: சுற்றிலும் சத்தம் கேட்டால் நாம் அறியாமலே கத்திப் பேசுவோம், அது குறைந்து குரல் ஒரே சீராக வருகிறது. காது அடைத்த மாதிரி சொந்தக் குரலே மந்தமாகக் கேட்டால் சைட்டோனை ஆன் பண்ணுங்கள், உங்கள் குரலையே கொஞ்சம் காதில் போடும். வாங்கும்போது அந்த வசதி இருக்கிறதா என்று கேட்டே வாங்குங்கள்.

எந்த ஹெட்செட்டும் தீர்க்காதவையும் உண்டு. ல, ள, ழ-வை நாம் பேசும்போதே குழப்பினால் மைக் என்ன செய்யும்? கூகுள் டாக்ஸில் முற்றுப்புள்ளியைக் குரலால் போடும் வசதி சில மொழிகளுக்கு மட்டும்தான், அதில் தமிழ் இல்லை, கையால்தான் தட்ட வேண்டும். பேச்சு வழக்கில் சொன்னால் திணறும், எழுத்து நடையில் சொல்லப் பழக வேண்டும். அப்புறம், மே மாதத்தில் ஏசி இல்லாத அறையில் எந்த ஹெட்செட்டானாலும் அரை மணி நேரத்துக்கு மேல் காது தாங்காது. ரிட்டர்ன் வசதி இருக்கும் கடையில் வாங்கி, வீட்டில் ஃபேனை ஐந்தில் வைத்து, மிக்ஸி ஓடும் நேரமாகப் பார்த்து ஒரு பத்தி பேசிப் பாருங்கள்.