அமீன் கரைப்பான்: பல வருடப் பாவனைக்குப் பிறகு

வன்னியில் யுத்தகாலப் பொருளாதாரத் தடைக்குள் வளர்ந்த எங்களுக்கு மண்ணெண்ணெய் பற்றி ஒருவரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. மோட்டார் சைக்கிளையே அதில் ஓட்டின சனம். அதனாலோ என்னவோ, அவுஸ்திரேலியாவில் யுரேனிய ஆலையொன்றில் சேர்ந்த மருமகன் கிளிநொச்சிக்கு அழைத்து, "மாமா, கரைப்பான் பிரியுதில்லை, மண்ணெண்ணெய் சரியில்லைப் போல" என்றான்.

"மண்ணெண்ணெயை விடு தம்பி. கரைக்கிற தொட்டியில ஒட்சியேற்றி எவ்வளவு போடுறாங்கள் எண்டு முதல் கேள்."

அதே மாதிரி ஆலையில் கனகாலம் வேலை செய்தவன் என்றபடியால் சொல்கிறேன். தாதைக் கரைத்த அமிலக் கரைசலோடு கரைப்பானைக் கலக்கி, யுரேனியத்தை அதற்குள் இழுத்து, பிறகு எண்ணெயும் தண்ணியும் போல இரண்டையும் பிரியவிடுவார்கள். கரைப்பான் கலவையில் பெரும்பங்கு மண்ணெண்ணெய்தான். ஆனால் யுரேனியத்தைப் பிடிப்பது 5 வீதமளவில் இருக்கும் மூன்றாம்நிலை அமீன் (நைதரசன் அணுவில் மூன்று காபன் சங்கிலிகள் பிணைந்த சேர்மம்). அமீன் உப்பு மூன்றாவது படையாக ஒதுங்காமலிருக்க ஐசோடெக்கனோல் போன்ற அற்ககோலும் சேர்ப்பார்கள். பழுதாவது இந்த இரண்டும்தான்.

காரணம் ஆலையின் முன்பகுதியில், தாதைக் கரைக்கும் தொட்டியில் இருக்கிறது. சல்பூரிக்கமிலத்தில் தாதைக் கரைக்கும்போது ஒட்சியேற்றியாக மங்கனீசு ஈரொட்சைட்டோ சோடியம் குளோரேற்றோ போடுவார்கள். அது இரும்பைப் பெரிக்கு (மூன்றாம் ஒட்சியேற்ற) நிலைக்கு ஏற்ற, பெரிக்கு இரும்பு யுரேனியத்தைக் கரைய வைக்கும். அளவு மிஞ்சினால், தாதிலுள்ள வனேடியமும் ஐந்தாம் ஒட்சியேற்ற நிலைக்கு ஏறிவிடும். அது அமீனோடு சேர்ந்து கரைப்பானுக்குள் வந்து, உள்ளிருந்தே அமீனையும் அற்ககோலையும் ஒட்சியேற்றும். மூன்றாம்நிலை அமீன் உடைந்து இரண்டாம்நிலை அமீனாகும், அற்ககோல் காபொட்சிலிக்கமிலமாகும்.

இதை முகவையிலேயே பிடிக்கலாம். கரைப்பானையும் அமிலக் கரைசலையும் கலக்கி, கலக்கியை நிறுத்தி, நிறுத்தற் கடிகாரத்தோடு பாருங்கள். நல்ல கரைப்பான் கோடு கீறினமாதிரிப் பிரியும். பழுதானது கபில நிறத்தில் கலங்கி நிற்கும். இரண்டு படைக்கும் நடுவில் பாசிபோல ஒரு படலம் தொங்கும். ஒவ்வொரு முறைமாற்றத்திலும் இந்த நேரத்தைக் குறித்து வையுங்கள். யுரேனியம் பிடிபடுவது குறையுமுன்பே இது சொல்லிவிடும்.

சோடியம் காபனேற்றால் கழுவினால் அமிலங்கள் போகும். களிமண் சுத்திகரிப்பும் உதவும். ஆனால் உடைந்த அமீன் திரும்பி வராது. முன்பகுதியைத் திருத்தாமல் புது அமீன் ஊற்றுவது வீண் செலவு, அதுவும் அதே வழியில்தான் போகும்.

இவ்வளவும் சொன்னாலும் அமீன் எனக்குப் பிடித்த கரைப்பான்தான். சல்பேற்றுக் கரைசலில் கிடக்கிற இரும்பை விட்டு யுரேனியத்தை எடுக்கும் அதன் திறமை அருமையானது. மருமகனிடம் இப்போது கேட்பதெல்லாம் ரெடொக்ஸ், அதாவது கரைசலின் ஒட்சியேற்றும் வலுவைக் காட்டும் அளவு, பற்றித்தான்: "இண்டைக்குத் தொட்டியில ரெடொக்ஸ் எவ்வளவு?"