மச்சானுக்குப் புதுசு, எனக்குப் பழசு: ஏழு வருடக் கணக்கு

2019 பிப்ரவரியில் எங்கள் குடும்பத்துக்கு இரண்டு கார்கள் வந்தன. மனைவியின் தம்பி ஷோரூமில் புது வண்டி எடுத்தார். நான் அதே பெயர் கொண்ட வண்டியின் 2013 மாடலை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். இரண்டும் ஆயிரம் சிசிக்கு உட்பட்ட பெட்ரோல் வண்டிகள். எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் பேச்சு அந்தப் பக்கம் போய்விடும்.

திருச்சிக்குள் ஆபீஸ், மாதம் இரண்டு தடவை அறந்தாங்கியில் அப்பா வீடு. என் ஓட்டம் அவ்வளவுதான், வருடத்துக்கு ஒன்பதாயிரம் கிலோமீட்டர். அதற்கு மச்சான் மாதிரி ஐந்தரை லட்சம் போட்டுப் புதுசு எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

முதலில் பார்த்தது சென்னைப் பதிவு எண் கொண்ட ஒரு வண்டி. விலை மற்றதைவிட நாற்பதாயிரம் குறைவு, பெயின்ட் பளபளவென்று இருந்தது. கூட வந்த மெக்கானிக் அண்ணன் இன்ஜினைத் திறக்கவேயில்லை. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்த்தார். வழக்கமாக உள்ளே சுருண்டே இருக்கும் பகுதியில் சேற்றுக் கறை கோடாக நின்றது. அப்புறம் முன்சீட்டின் இரும்புத் தண்டவாளத்தைத் தடவி, துருப் படிந்த விரலைக் காட்டினார். "இது குளிச்சுட்டு வந்த வண்டி, தம்பி." 2015 டிசம்பர் வெள்ளம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. கார்பெட்டை மாற்றிவிடலாம், ஒயரிங்குக்குள் போன ஈரத்தை என்ன செய்வது?

கடைசியில் வாங்கியது உள்ளூர் வண்டி. சிங்கிள் ஓனர், 52,000 கிலோமீட்டர், 2,60,000 ரூபாய். மீட்டரில் இருந்ததும் சர்வீஸ் ரெக்கார்டில் இருந்ததும் ஒத்துப்போயின. டயர் நாலும் புதுசு என்றார் புரோக்கர். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். என் டயரில் 2414 என்று இருந்தது. 2014ஆம் வருடத்தின் 24வது வாரம், அதாவது ஐந்து வயதை நெருங்கிய டயர். பட்டன் தேயவில்லை, ரப்பர் கட்டையாகிவிட்டது. இதைச் சொல்லி விலையைக் குறைத்திருக்கலாம். எனக்கு அந்த எண்ணைப் படிக்கத் தெரிந்ததே வாங்கிய பிறகுதான்.

முதல் வருடச் செலவு: டயர் 14,000, கிளட்ச் செட் 9,500, லோயர் ஆர்ம், புஷ் வேலை 7,200, பேட்டரி 3,800, எல்லா ஆயிலும் மாற்றி முழு சர்வீஸ் 6,500. மொத்தம் 41,000. ஆக அந்த வண்டியின் உண்மையான விலை மூன்று லட்சம். பழைய வண்டிக்கு பட்ஜெட் போடுகிறவர்கள் கையில் இருப்பதை மொத்தமாக வண்டிக்கே கொடுத்துவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் கொடுத்தேன். கிளட்ச் போனபோது சீட்டுப் பணத்தை எடுக்க வேண்டியதாயிற்று.

பேப்பர் கதை தனி. "எல்லாம் கிளியர் சார்" என்றார்கள். ஆர்சியில் பேங்க் கடன் பதிவு அப்படியே இருந்தது. கடன் கட்டி முடித்தது உண்மைதான். ஆனால் பேங்க்கில் என்ஓசி (ஆட்சேபணை இல்லை என்ற கடிதம்) வாங்கி, படிவம் 35 கொடுத்து அதை நீக்கவில்லை. அது நீங்கும்வரை பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கி வைத்திருந்தும் பயனில்லை. பெயர் மாற்ற இரண்டு மாதம் ஆனது. இன்சூரன்ஸிலும் ஒரு பாடம். பழைய ஓனருக்கு ஐம்பது சதவீத நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் கேட்காமல் இருந்ததற்கான பிரீமியத் தள்ளுபடி, இருந்தது. அது ஆளுக்குச் சொந்தம், வண்டிக்கு அல்ல. பாலிசியை என் பெயருக்கு மாற்றும்போது அந்தச் சலுகைத் தொகையை நான் கட்ட வேண்டி வந்தது.

முதல் வருடம் தாண்டிய பிறகு வண்டி சமர்த்தாக ஓடியது. ஏசி கூலிங் காயில் ஒரு தடவை, மறுபடி டயர், மறுபடி பேட்டரி, சஸ்பென்ஷன் என்று ஆறு வருடத்தில் 62,000 ஆகியிருக்கிறது. சாதாரண சர்வீஸை இதில் சேர்க்கவில்லை, அது இரண்டு வண்டிக்கும் உண்டு. எத்தனால் இருபது சதவீதம் கலந்த பெட்ரோல் வந்த பிறகு லிட்டருக்கு ஒரு கிலோமீட்டர் குறைந்ததாக என் நோட்டு சொல்கிறது. பழைய வண்டி என்பதால் பெட்ரோல் ஹோஸை முன்கூட்டியே மாற்றிவிட்டேன்.

போன மாதம் மச்சான் தன் வண்டியை 3,30,000க்கு விற்றார். என் வண்டிக்கு ஒன்றரை லட்சம் கேட்கிறார்கள். சரி, இருவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். விலையில் இழந்தது, ரிப்பேர் எல்லாம் சேர்த்து எனக்கு 2,13,000. அவருக்கு டயர், பேட்டரி, கிளட்ச் உட்பட 2,65,000. இவ்வளவுதானா வித்தியாசம் என்று எனக்கே ஏமாற்றமாக இருந்தது. அப்புறம் அவர் கடன் புத்தகத்தை எடுத்தார். நாலு லட்சம், ஒன்பது சதவீதம், ஐந்து வருடம்: வட்டி மட்டும் 98,000. பழைய வண்டி எனக்கு மிச்சம் பிடித்துத் தந்ததில் பெரிய பங்கு கடன் வாங்காததால் வந்தது. பழைய வண்டியையும் லோன் போட்டு வாங்கினால் வட்டி விகிதம் இன்னும் கூடுதல். அப்படி வாங்க நினைப்பவர் புதுசையே பார்ப்பது மேல்.

"ஆனா மாமா, நான் ஒரு நாளும் ஒர்க்‌ஷாப்ல உட்காரலையே" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

இன்னொன்றுக்கும் பதில் இல்லை. என் வண்டியில் ஏர்பேக் கிடையாது, பிரேக் அடித்தால் சக்கரம் பூட்டாமல் தடுக்கும் ஏபிஎஸ் கிடையாது. 2013இல் சட்டம் கேட்கவில்லை. இரண்டும் கட்டாயமானது 2019இல்தான். கீரனூர் தாண்டி ஒரு மழை நாளில் மாடு குறுக்கே வந்தது. பிரேக் அடித்தேன், சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சறுக்கிப் புளியமரத்துக்கு ஒரு கை தூரத்தில் நின்றது. மனைவி அறந்தாங்கி போய்ச் சேரும்வரை பேசவில்லை. கிளட்ச் போனால் மாற்றலாம். இல்லாத ஏர்பேக்கை எந்த ஒர்க்‌ஷாப்பில் போய் வைப்பது?

இப்போது மகள் எல்எல்ஆர் எடுத்திருக்கிறாள். இந்த வண்டியில் பழகட்டும், ஹைவேக்குக் கொடுக்க மாட்டேன். 2028இல் ஆர்சியின் பதினைந்து வருடம் முடியும்வரை இது ஊருக்குள் என்னோடு ஓடும். அவளுக்கு இன்னொன்று பார்க்கிறோம். 2025 செப்டம்பரில் சின்ன கார்களுக்கு ஜிஎஸ்டி 28இலிருந்து 18 சதவீதமாக இறங்கியதால் புதுசும் எட்டுகிற தூரத்தில்தான் இருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டில் புது வண்டிக்கு ஒரே தடவையாகக் கட்டும் ஆயுள் வரி 2023இல் ஏறிவிட்டது. ஐந்து முதல் பத்து லட்சம்வரை விலையுள்ள காருக்கு 13 சதவீதம். பழைய வண்டியில் அதை முதல் ஓனரே கட்டியிருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு 2022 மாடல் பார்த்தோம். முன்னால் இரண்டு ஏர்பேக், 31,000 கிலோமீட்டர், டயரில் 0822. பானெட் போல்ட்டில் ஸ்பேனர் பட்ட தடம் இருக்கிறது. இடித்த வண்டியா என்று தெரிய இன்சூரன்ஸ் கிளெய்ம் விவரத்தைக் கேட்டிருக்கிறேன். அது கைக்கு வந்தால்தான் அட்வான்ஸ்.