ஃபிரெட்: நெருக்கடியை வாரம் வாரமாகக் காட்டும் சேவை

வங்கிகள் ஒன்றையொன்று நம்பாமல் கடன் கொடுப்பதை நிறுத்திவிட்டால் மத்திய வங்கி என்ன செய்ய முடியும்? வகுப்பில் இந்தக் கேள்வி வந்தால் நான் திறப்பது ஃபிரெட் தளத்தைத்தான். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் ஃபெடரல் ரிசர்வ் வங்கி நடத்தும் புள்ளிவிவரச் சேவை. இலவசம், பார்ப்பதற்குக் கணக்கு தொடங்கவும் வேண்டாம்.

‘முதலில் வட்டியைக் குறைப்பார்கள், அது பூஜ்யத்தைத் தொட்டதும் பத்திரங்களை வாங்குவார்கள்’ என்றுதான் மாணவர்கள் பெரும்பாலும் சொல்வார்கள். டபிள்யூஏஎல்சிஎல் (WALCL) என்ற புள்ளிவிவரத் தொடரைத் தளத்தில் போட்டுப் பாருங்கள். அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் மொத்தச் சொத்து, ஒவ்வொரு புதன்கிழமை நிலவரப்படி. நிதி நெருக்கடி வந்த 2008-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: செப்டம்பர் தொடக்கத்தில் சுமார் 90,000 கோடி டாலர். ஆண்டு முடிவதற்குள் 2.2 லட்சம் கோடியைத் தாண்டிவிட்டது. ஆனால் வட்டி இலக்கு 0–0.25 சதவீதத்துக்கு இறங்கியது டிசம்பர் 16-ல்தான். அதற்கு முன்பே கோடு செங்குத்தாக ஏறிவிட்டது!

ஏற்றியவை அவசரக் கடன்கள்: வங்கிகளுக்கு ஏலத்தில் விட்ட பணம், வெளிநாட்டு மத்திய வங்கிகளுக்குக் கொடுத்த டாலர், நிறுவனங்களின் குறுகியகாலக் கடன் பத்திரங்களுக்கான ஆதரவு. இவற்றைத் தனித்தனித் தொடர்களாகச் சேர்த்தால் 2009-ல் ஒவ்வொன்றும் வடிவது தெரியும். பதற்றம் தணிந்தால் கடன் தானாகத் திரும்பி வரும். வாங்கிய அடமானப் பத்திரங்கள் (வீட்டுக்கடன்களின் மேல் வெளியிடப்பட்டவை) அப்படியல்ல, வருடக்கணக்கில் தங்கிவிடும். இரண்டையும் ‘பணம் அச்சடித்தார்கள்’ என்று ஒரே மூட்டையில் கட்டுவது எவ்வளவு தவறு என்பதை இதைவிடத் தெளிவாக எதிலும் நான் பார்த்ததில்லை.

குறை இல்லாமல் இல்லை. பல தொடர்கள் மில்லியன் டாலரில் இருப்பதால் பூஜ்யங்களை எண்ணியே ஆக வேண்டும். அதைவிட முக்கியம், கடனுக்கு என்ன ஈடு வாங்கினார்கள், அது தேறுமா என்பதை இந்தக் கோடுகள் சொல்லாது. மத்திய வங்கிக்கு மிகக் கடினமான முடிவே அதுதான்.

இதன் துணைத்தளமான ஆல்ஃபிரெடை விட்டுவிடாதீர்கள். பிற்காலத் திருத்தங்களை நீக்கி, அன்றைக்குக் கையில் இருந்த எண்ணை அது காட்டும். 2008 கடைசிக் காலாண்டில் அமெரிக்கப் பொருளாதாரம் ஆண்டு விகிதத்தில் 3.8 சதவீதம் சுருங்கியதாக முதல் மதிப்பீடு சொன்னது. பின்னாளில் அது 8 சதவீதத்துக்கும் மேல் என்று திருத்தப்பட்டது. அன்று எடுத்த முடிவுகளை எடைபோடுகிறவர்கள் முதல் எண்ணை வைத்துத்தான் எடைபோட வேண்டும்.