கோஷுயின் புத்தகத்தோடு கமகுரா: சில வருடப் பயன்பாட்டு அனுபவம்

ஜப்பானியக் கோயில்களில் கும்பிட்டு முடித்ததும் ஒரு நோட்டுப் புத்தகத்தை நீட்டலாம். அங்கே இருப்பவர் தூரிகையால் மூலவர் பெயர், கோயில் பெயர், தேதி எல்லாம் எழுதி, சிவப்பு முத்திரை குத்தித் தருவார். அந்த முத்திரைதான் கோஷுயின், புத்தகம் கோஷுயின்-சோ. சூத்திரத்தைக் கையால் எழுதிக் காணிக்கையாக வைத்தவர்களுக்குத் தந்த ரசீதிலிருந்து வந்த வழக்கம் என்பார்கள். யோகோஹாமாவில் வேலை பார்ப்பதால், ஒரு காலத்தில் சாமுராய் ஆட்சியின் தலைநகராக இருந்த கமகுரா எனக்கு ரயிலில் அரை மணி நேரத்துக்குள். சில வருடங்களாக அந்த ஊரில்தான் இந்தப் புத்தகத்தை அதிகம் பயன்படுத்துகிறேன்.

முதலில் பொருளைப் பற்றி. விசிறி மடிப்பில் விரிகிற புத்தகமாக வாங்குங்கள். 11×16, 12×18 சென்டிமீட்டர் என இரண்டு அளவு பரவலாகக் கிடைக்கும். கோயில்களுக்குப் பெரியதே நல்லது, எழுத்துக்கு மூச்சுவிட இடம் இருக்கும். காகிதம் தடிமனாக இருக்க வேண்டும். என் முதல் புத்தகத்தில் மை பின்பக்கம் ஊறியதால் ஒரு பக்கம் மட்டுமே பயன்பட்டது. எழுதி வாங்கியதும் இடையில் வைக்கத் தரும் மெல்லிய தாளைத் தூக்கிப் போடாதீர்கள். சிவப்பு மை காய நேரமாகும். கட்டணம் பெரும்பாலும் 300 முதல் 500 யென். சில்லறையாகக் கொண்டுபோவது மரியாதை.

சரி, இது வெறும் சேகரிப்பு இல்லை என்று ஏன் சொல்கிறேன்? கமகுராவில் எந்தக் கோயில் என்ன எழுதித் தருகிறது, எது தருவதில்லை என்று கவனித்தாலே சாமுராய் ஆட்சிக் காலத்தில் பௌத்தம் எப்படிப் பரவியது என்பது பிடிபட ஆரம்பிக்கும்.

கமகுராவில் ஆட்சி அமைத்த மினமோட்டோ யோரிடோமோ 1192இல் ஷோகுன், அதாவது போர்வீரர் ஆட்சியின் தலைவர் ஆனார். அவருக்குப் பின் உண்மையான அதிகாரம் ஹோஜோ குடும்பத்திடம் போனது. கியோட்டோ, நாரா பக்கத்துப் பழைய மடங்கள் அரசவைப் பிரபுக்களோடு பிணைந்தவை, சொந்தமாக ஆயுதம் தாங்கிய துறவிகளையே வைத்திருந்தவை. கிழக்கே புதிதாக ஆள வந்த போர்வீரர்களுக்குத் தங்களுக்கென்று ஒரு சமயப் பெருமை தேவைப்பட்டது. சோங் வம்சச் சீனாவிலிருந்து வந்த, தியானத்தை மையமாகக் கொண்ட ஜென் பிரிவுத் துறவிகள் அதைத் தந்தார்கள், கூடவே சீனக் கல்வியையும் பண்பாட்டையும் கொண்டுவந்தார்கள். ஹோஜோ டோகியோரி 1253இல் நிறுவிய கென்சோஜிக்கு முதல் தலைவர் சீனத் துறவி ரான்கே டோர்யூ. ஜென் கோயிலின் மூலவர் சாக்கியமுனியாக, அதாவது கௌதம புத்தராக இருப்பார் என்று நினைத்துப் போனால், இங்கே ஜிசோ, அதாவது க்ஷிதிகர்ப போதிசத்துவர். அந்தப் பள்ளத்தாக்கு முன்பு மரண தண்டனை நிறைவேற்றிய இடம். நரகத்திலும் துணை நிற்பவர் ஜிசோ என்பது நம்பிக்கை. முத்திரைப் பக்கத்தில் அவர் பெயரைப் பார்க்கும்போதெல்லாம் இது எனக்கு நினைவு வரும்.

பக்கத்திலேயே எங்காகுஜி. 1274, 1281 ஆண்டுகளில் மங்கோலியர் படையெடுத்து வந்தார்கள். அதில் இறந்தவர்களுக்காக 1282இல் டோகியோரியின் மகனும் அப்போதைய ஆட்சியாளருமான ஹோஜோ டோகிமுனே கட்டியது. தன் வீரர்களுக்கு மட்டுமல்ல, எதிரிப் படையில் செத்தவர்களுக்கும் சேர்த்து. ஜென் என்றால் வாள்வீச்சுக்கு மன ஒருமை தரும் பயிற்சி என்று மட்டுமே பேசுகிறவர்கள் இந்தக் கோயிலுக்கு ஒருமுறை வர வேண்டும்.

அதே 1282இல் இன்னொன்றும் நடந்தது. தன் பெயரைச் சொல்பவரை மீட்பார் என்று நம்பப்படும் அமிதா புத்தரின் பெயர் எழுதிய சிறு சீட்டுகளை வழியெல்லாம் விநியோகித்தபடி ஊர் ஊராக நடந்த துறவி இப்பென், கோபுகுரோசாகா ஏற்றம் வழியாகக் கமகுராவுக்குள் நுழையப் பார்த்தார். தடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். டோகிமுனே ஒரு பக்கம் மாபெரும் கோயில் எழுப்புகிறார். மக்கள் கூட்டத்தோடு வந்த துறவிக்கு அதே நகரில் இடமில்லை. ஆட்சியாளரின் பௌத்தமும் மக்களின் பௌத்தமும் வேறு வேறு பாதையில் போனதை எனக்குப் புரியவைத்தது இந்த ஏற்றம்தான். இப்பென் மரபின் தலைமைக் கோயில் யூக்யோஜி பக்கத்து ஊரான ஃபுஜிசாவாவில் இருக்கிறது. அங்கே 1418இல் நட்ட ஒரு கல்தூண், உள்நாட்டுப் போரில் இறந்த இரு தரப்பினருக்கும், விலங்குகளுக்கும்கூட வேண்டுகிறது. கமகுரா போகிறவர்கள் பலரும் இதைத் தவறவிடுகிறார்கள், எனக்கு அது வருத்தம்.

தாமரைச் சூத்திரத்தையே முதன்மையாகக் கொண்ட துறவி நிச்சிரென் வழிவந்த கோயில்களில் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். வேறு பிரிவுக் கோயில்களின் முத்திரை இருக்கும் புத்தகத்தை நீட்டினால், பல இடங்களில் தாமரைச் சூத்திர மந்திரத்தை முழுசாக எழுத மாட்டார்கள். 'மியோஹோ' என்ற இரண்டெழுத்தோடு நிறுத்திவிடுவார்கள். மந்திரம் வேண்டுமென்றால் தனிப் புத்தகம். கண்டிப்பு என்று தோன்றலாம். ஆனால் நிச்சிரென் 1260இல் மற்றப் பிரிவுகளை எதிர்த்து ஆட்சிக்கே எச்சரிக்கை எழுதி, மறு வருடம் இசு தீபகற்பத்துக்கும் 1271இல் சாடோ தீவுக்கும் நாடு கடத்தப்பட்டவர். அந்த உறுதி இன்றும் அவர் கோயில்களில் இருப்பதை நான் மதிக்கிறேன். துறவி ஷின்ரான் வழிவந்த ஜோடோ ஷின்ஷூ பிரிவுக் கோயில்கள் பெரும்பாலும் கோஷுயினே தருவதில்லை. அமிதாவின் அருளால் மட்டுமே மீட்சி என்பவர்கள் புண்ணியக் கணக்கு போலத் தோன்றும் எதையும் ஊக்குவிப்பதில்லை. ஷின்ரானும் 1207இல் எச்சிகோ மாகாணத்துக்கு நாடு கடத்தப்பட்டவர்தான். பிறகு கிழக்கு ஜப்பானின் கிராமங்களில் சாதாரண மக்களிடையே பல வருடம் வாழ்ந்தார். ஆகவே ஜப்பானில் மிக அதிகமானோர் பின்பற்றும் மரபுகளில் ஒன்று என் புத்தகத்தில் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. இந்தப் புத்தகத்தின் பெரிய குறை இதுதான்.

வேறு குறைகளும் உண்டு. விடுமுறை நாளிலும், ஹைட்ரேஞ்சா பூக்கும் ஜூனிலும் வரிசை நீளம். கூட்டம் அதிகமானால் நேரில் எழுதாமல் முன்பே எழுதிய தாளைத் தருவார்கள். பல இடங்களில் மாலை 4 மணியோடு முடிந்துவிடும்.

புதிதாகப் போகிறவர்கள் கிதா-கமகுரா நிலையத்தில் இறங்குங்கள். எங்காகுஜி வாசலிலேயே இருக்கிறது. அடுத்து டோகேஜி: டோகிமுனேயின் மனைவி 1285இல் தொடங்கியது, விவாகரத்து வேண்டிய பெண்களுக்குப் பல நூற்றாண்டுகள் அடைக்கலம் தந்த இடம். அப்புறம் கென்சோஜி, அங்கிருந்து கோபுகுரோசாகாவைத் தாண்டி நடந்தால் ஊருக்குள் வந்துவிடலாம். நிச்சிரென் கோயில்களுக்கென்று இரண்டாவதாக ஒரு சின்னப் புத்தகத்தை அன்றே பையில் வைத்துக்கொள்ளுங்கள்.