நெடுந்தீவு, அரிப்பு, மன்னார்: படகு நேரத்தை வைத்துப் போட்ட ஒரு விடுமுறைத் திட்டம்

இலங்கைக்குச் சுற்றுலா என்றால் கண்டி, நுவரெலியா, சிகிரியா, காலி என்று ஓடுவதே வழக்கமாக இருக்க, தீவின் வடமேற்கு ஓரத்தில் வெளியூர்ப் பயணிகள் அதிகம் எட்டிப் பார்க்காத இடங்களை மட்டும் கோத்து விடுமுறைத் திட்டம் அமைத்துக் கொடுக்கும் சிறு நிறுவனங்கள் யாழ்ப்பாணத்தில் இயங்குகின்றன. அவற்றுள் ஒன்றின் ஏற்பாட்டில் நெடுந்தீவு, அரிப்பு, மன்னார் ஆகிய இடங்களுக்குக் குடும்பத்தோடு சென்று வந்ததன் மதிப்பீடு இது. குறைகளையும் எழுத வேண்டியிருப்பதால் நிறுவனத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். இதே பாதையில் வண்டியும் தங்குமிடமும் ஏற்பாடு செய்து தரும் வேறு எவரிடம் பேசும்போதும் என்னென்ன கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதற்கு இக்குறிப்புகள் உதவும்.

முதலில் பாராட்ட வேண்டியது, அவர்கள் கேட்ட முதல் கேள்வியை. என்ன பார்க்க விரும்புகிறீர்கள் என்று கேட்கவில்லை. எந்த மாதம் வருகிறீர்கள் என்று கேட்டார்கள். இந்தக் கடற்கரைக்கு இதைவிட முக்கியமான கேள்வி கிடையாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அப்போது கடல் கொந்தளித்தால் தீவுகளுக்கான படகுகள் நின்றுவிடும். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு வரும் கப்பலும் ஓடாது. மே முதல் செப்டம்பர் வரை மன்னாரில் தென்மேற்குக் காற்று மணலை வாரி இறைக்கும், வெயிலும் சுட்டெரிக்கும். ஆகஸ்ட் 15 அன்று மடு மாதா திருவிழா. நல்லூர்க் கந்தனின் 25 நாள் திருவிழாவும் பெரும்பாலும் அதை ஒட்டியே வரும் என்பதால், அந்த வாரங்களில் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் அறை கிடைப்பதே அரிது. மழை ஓய்ந்து தரை பசுமையாக இருக்கும், கடல் அடங்கியிருக்கும், வங்காலைச் சதுப்பில் பூநாரைகளும் இருக்கும் என்ற மூன்றும் ஒன்றுகூடுவது ஜனவரி முதல் மார்ச் வரைதான். நாங்கள் முதலில் சொன்ன மாதத்தை மாற்றச் சொல்லி, காரணத்தையும் பொறுமையாக விளக்கினார்கள். வருகிற பணத்தை வாங்கிப் போட்டுக்கொண்டு, வந்த பிறகு வானத்தைக் கைகாட்டும் வழக்கம் இத்தொழிலில் இருப்பதை நினைத்தால், இது பெரிய நேர்மைதான்.

திட்டத்தின் மிகச் சிறந்த பகுதி நெடுந்தீவு. யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம் வழியாக வேலணையைத் தாண்டிப் புங்குடுதீவில் உள்ள குறிகட்டுவான் இறங்குதுறையை அடைய ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். அங்கிருந்து நயினாதீவுக்கு அடிக்கடி படகு உண்டு. கால் மணி நேரத்தில் நாகபூசணி அம்மன் கோயில் வாசலில் இறங்கிவிடலாம். நெடுந்தீவோ ஒரு மணி நேரக் கடற்பயணம், படகுகளும் குறைவு. காலைப் படகைத் தவறவிட்டால் அந்த நாளே போயிற்று; பிற்பகல் படகைத் தவறவிட்டால் இரவு தீவில்தான். ஆகவே விடியற்காலையிலேயே வண்டி வாசலில் நிற்க வேண்டும் என்பதில் நிறுவனம் காட்டிய கண்டிப்பு முதலில் எரிச்சலூட்டினாலும், துறையில் நின்ற கூட்டத்தைப் பார்த்தபின் அதன் நியாயம் விளங்கியது.

அந்தப் படகு சுற்றுலாப் படகு அன்று. தீவு மக்களின் அன்றாடப் போக்குவரத்து. எரிவாயுச் சிலிண்டர்கள், சீமெந்து மூட்டைகள், பாண் நிறைந்த பெரிய பைகள், கட்டிய சைக்கிள்கள் எல்லாம் ஏறிய பிறகே ஆட்கள் ஏறுகிறார்கள். உள்ளே இறங்கி உட்கார்ந்தால் இயந்திரத்தின் சூடும் டீசல் வாடையும் தலையைச் சுற்றவைக்கும். மேல்தட்டில் நின்றால் வெயில். உள்ளூர்ப் பெண்கள் ஏறியவுடன் கடல் தெறிக்காத பக்கமாகப் பார்த்து அமர்ந்ததைக் கண்டு நாங்களும் அப்பக்கமே ஒண்டிக்கொண்டோம். குமட்டல் உள்ளவர்கள் காலையில் வெறும் வயிற்றோடு வரக்கூடாது என்பதையும், உயிர்காப்பு அங்கியைக் கேட்டு வாங்கி அணிந்துகொள்ள வேண்டும் என்பதையும் நிறுவனம் முன்கூட்டியே எழுதி அனுப்பியிருந்தது. கச்சதீவு அந்தோனியார் திருவிழா நடக்கும் நாட்களில் இதே துறையிலிருந்து பக்தர்கள் புறப்படுவதால், பிப்ரவரி, மார்ச்சில் வருவோர் அந்தத் தேதியைக் கேட்டு ஒதுக்கிவிடுவது நல்லது.

நெடுந்தீவின் பரப்பு சுமார் 50 சதுர கிலோமீட்டர். மேடு என்று சொல்ல ஒன்றுமில்லை. பனையும் புல்வெளியும், அவற்றைப் பிரித்துக்கொண்டு ஓடும் பவளக்கல் வேலிகளும்தான் நிலக்காட்சி. இந்த வேலிகளில் சாந்து கிடையாது. கடலடியில் கிடந்த முருகைக் கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறார்கள். கல்லின் துளைகள் வழியே காற்று ஊடுருவிப் போவதாலோ என்னவோ, இடுப்பளவு உயரச் சுவர்கள் புயலுக்கும் அசையாமல் நிற்கின்றன. போர்த்துகீசியர், டச்சுக்காரர் காலத்தில் வளர்க்கப்பட்டுப் பின்னர் கைவிடப்பட்ட குதிரைகளின் வழிவந்த கூட்டம் தீவின் வெளிப்பகுதியில் திரிகிறது. பெரிய, பளபளக்கும் குதிரைகளை எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாறுவார்கள். இவை குட்டையானவை, பிடரி கலைந்தவை, கோடையில் தண்ணீருக்காக மிகவும் அல்லாடுபவை. எங்கள் ஓட்டுநர் வண்டியைத் தொலைவிலேயே நிறுத்தி, அருகில் போகவோ தின்பண்டம் கொடுக்கவோ கூடாது என்று பிள்ளைகளிடம் தெளிவாகச் சொன்னார். குட்டியோடு நின்ற ஒரு பெட்டை எங்களைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு மறுபடியும் புல்லுக்குத் தலை குனிந்ததே போதுமான காட்சியாக இருந்தது.

டச்சுக் கோட்டையின் இடிபாடு, மருத்துவமனைக்கு அருகிலுள்ள புறாக்கூடு, பெருக்கமரம் (பாவோபாப்), வளர்வதாக நம்பப்படும் ‘வளரும் கல்’ என்று தீவின் வழக்கமான பட்டியல் ஒன்று உண்டு. கோட்டைக்கும் பெருக்கமரத்துக்கும் நேரம் ஒதுக்கலாம். வளரும் கல்லுக்கு ஐந்து நிமிடமே அதிகம். பட்டியலில் எழுதாமல் ஓட்டுநர் தாமாகவே நிறுத்திய இடம் மாவிலித்துறையில் இருக்கும் குமுதினி நினைவுத்தூபி. 1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் புறப்பட்ட குமுதினிப் படகில் பெண்களும் குழந்தைகளும் உட்படப் பலர் நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அதே கடல்வழியில் காலையில்தான் வந்திருந்தோம். சுற்றுலாத் திட்டத்தில் இதைச் சேர்ப்பது எப்படி என்ற தயக்கம் நிறுவனத்துக்கு இருந்திருக்கலாம். அதைப் பேச்சில்லாமல் விட்ட ஓட்டுநரின் முறை சரியாகவே பட்டது.

மதிய உணவை ஒரு வீட்டில் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார்கள். தீவில் வந்திறங்கிய பிறகு கடை தேடுவது வீண் வேலை என்பதால் இது அவசியமான ஏற்பாடு. சோறு, பாரை மீன் குழம்பு, முருங்கையிலைச் சுண்டல், சொதி, கடைசியில் நுங்கு. சைவம் உண்பவர்கள் முந்தைய நாளே சொல்லிவிட வேண்டும்.

யாழ்ப்பாணத்திலிருந்து மன்னாருக்கு ஏ-32 சாலையில் செல்வதை வெறும் இடமாற்றமாக நினைக்க வேண்டியதில்லை. 2011-இல் திறக்கப்பட்ட சங்குப்பிட்டிப் பாலத்தைக் கடந்து, பூநகரி, வெள்ளாங்குளம் வழியாகச் செல்லும் அந்தச் சாலையில் ஒருபுறம் நீரேரி, மறுபுறம் வயலும் காடுமாக இரண்டரை மணி நேரம் அலுப்பில்லாமல் போகிறது. ஆனால் வழியில் நல்ல கழிப்பறை வசதி மிகக் குறைவு. முதியவர்களோடு வருபவர்களுக்கு இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை.

அடுத்த குறை இன்னும் பெரியது. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரத்தை நண்பகலுக்கு மேல் அட்டவணையில் போட்டிருந்தார்கள். நடை சாத்தியிருந்தது. பாலாவித் தீர்த்தக் கரையில் நிழல் பார்த்து உட்கார்ந்து, திறக்கும்வரை காத்திருக்கலாமா, விடுதிக்குப் போய்விட்டு மாலையில் திரும்பலாமா என்ற விவாதத்தில் நல்ல நேரம் கழிந்தது. படகு நேரத்தை நிமிடக் கணக்கில் பார்க்கத் தெரிந்தவர்களுக்குக் கோயில் நேரம் பார்க்கத் தெரியாமல் போனது வியப்பு. யாழ்ப்பாணத்திலிருந்து புறப்படுவதை இரண்டு மணி நேரம் முன்னால் தள்ளினாலே இது தீர்ந்துவிடும்.

மன்னார்ப் பகுதியில் பணத்துக்கு மிகவும் தகுதியான இடம் அரிப்பு. மன்னார் நகரிலிருந்து வங்காலை வழியாகத் தெற்கே சென்றால், கடலோரச் செம்மண் மேட்டின் விளிம்பில், உள்ளூரார் அல்லிராணிக் கோட்டை என்று அழைக்கும் மாளிகையின் எச்சம் நிற்கிறது. முத்துக்குளிப்பை மேற்பார்வையிடுவதற்காக, பிரிட்டிஷ் இலங்கையின் முதல் ஆளுநரான ஃபிரெடரிக் நார்த் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது இது. கடல் அந்த மேட்டை அரித்துக்கொண்டே வருகிறது. சுவரின் ஒரு பகுதி ஏற்கெனவே கீழே கடற்கரையில் செங்கற் பாளங்களாக விழுந்து கிடக்கிறது. மேலே நிற்கும் தூண்களில் பூச்சு உதிர்ந்த இடத்தில் செங்கல்லைத் தொட்டால் மாவாக விரலில் ஒட்டுகிறது. தடுப்பு வேலி ஏதும் இல்லாததால், பிள்ளைகளை விளிம்பருகே விடவே கூடாது. சற்றுத் தொலைவிலேயே, கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ 20 ஆண்டுகள் சிறைப்பட்டிருந்து தப்பிய ஆங்கிலேய மாலுமி ராபர்ட் நாக்ஸ் 1679-இல் வந்து சேர்ந்த அரிப்புக் கோட்டை இருக்கிறது. இரண்டையும் மாலை வெயிலில் பார்க்கும்படி அமைத்திருந்தது நல்ல முடிவு. இவ்வளவு வரலாறு கிடக்கும் இடத்தில் எங்களைத் தவிர ஆடு மேய்ப்பவர் ஒருவர் மட்டுமே இருந்தார்.

வங்காலைச் சரணாலயம் 2010 முதல் ராம்சார் ஈரநிலம், அதாவது உலக அளவில் முக்கியமானதாகப் பட்டியலிடப்பட்ட ஈரநிலம். பூநாரைகள் இருக்கும், ஆனால் தொலைவில் இருக்கும். இருநோக்கி இல்லாவிட்டால் நீருக்கு மேலே ஒரு வெளிறிய கோடு மட்டுமே தெரியும். வண்டியில் இரண்டு இருநோக்கிகள் வைத்திருந்தார்கள். சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்படி காலையில் எந்தப் பக்கம் நிறுத்த வேண்டும் என்பதும் ஓட்டுநருக்குத் தெரிந்திருந்தது. மன்னார்த் தீவின் தென்கரை நெடுக நிற்கும் 30 காற்றாலைகளையும் அங்கிருந்து வரும்போது பார்க்கலாம். பறவைகளின் வலசைப் பாதையில் அவை நிற்பது குறித்து மன்னார் மக்களிடம் கேட்டுப் பார்த்தால், வழிகாட்டி நூல்களில் இல்லாத செய்திகள் கிடைக்கும். நகரத்துக்குள் போர்த்துகீசியர் கட்டி டச்சுக்காரர் திருத்திய கோட்டையும், பள்ளிமுனையின் பருத்த பெருக்கமரமும், தெருவில் யாருக்கும் அஞ்சாமல் நடக்கும் கழுதைகளும் அரை நாளில் முடிந்துவிடும்.

தலைமன்னார் பற்றித்தான் கடுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பழைய இறங்குதுறையிலிருந்து படகில் சென்று ஆதாம் பாலத்தின் (இராமர் பாலம்) மணல் திட்டுகளில் இறங்கிப் பார்ப்பது என்று அட்டவணையில் உறுதியாக அச்சிட்டிருந்தார்கள். அந்தத் திட்டுகள் பாதுகாக்கப்பட்ட பகுதி, கடல் எல்லையும் அருகிலேயே. அனுமதியும் வானிலையும் சேர்ந்து வந்தால்தான் படகு புறப்படும். நாங்கள் போன அன்று புறப்படவில்லை. புறப்படாதது யாருடைய குற்றமும் இல்லை. ஆனால் நிச்சயமில்லாத ஒன்றை நிச்சயமானதுபோல எழுதி, அதற்கும் சேர்த்துப் பணம் வாங்கியது குற்றம். பேசிய பிறகு அந்தத் தொகையைத் திருப்பித் தந்துவிட்டார்கள் என்பதையும் பதிவு செய்ய வேண்டும். கலங்கரை விளக்கமும், 1964 புயல் வரை தனுஷ்கோடியிலிருந்து கப்பல் வந்து நின்ற துறையின் துருப்பிடித்த எச்சமும், 2015-இல் மீண்டும் வந்து சேர்ந்த ரயில் பாதையின் கடைசி நிலையமும் பார்க்க வேண்டியவைதான். இராமேசுவரம் பக்கம் நின்று இந்தக் கரையைத் தேடிப் பார்த்திருக்கும் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு அங்கே நிற்பதே ஒரு நிறைவு. மற்றவர்களுக்கு அவ்வளவு தூரம் வெயிலில் வந்ததற்கு அது ஈடாகுமா என்பது ஐயமே.

தங்குமிடங்கள் எளிமையானவை, சுத்தமானவை. மன்னாரில் குழாய்நீர் உப்புக் கரிக்கும். குடிநீர்ப் போத்தல்களை அறையிலேயே அடுக்கி வைத்திருந்தார்கள். காலையில் இடியப்பமும் சொதியும் சம்பலும் கேட்ட அளவு கிடைத்தன. நீச்சல்குளமும் இரவுக் கேளிக்கையும் தேடுபவர்களுக்கும், வெயிலில் நடக்க முடியாதவர்களுக்கும் இந்தத் திட்டம் ஒத்துவராது. நடக்கத் தெம்புள்ள, பிள்ளைகளுக்குச் சற்றே வயது வந்த குடும்பங்களுக்கு நெடுந்தீவையும் அரிப்பையும் தயங்காமல் பரிந்துரைப்பேன். தலைமன்னார்ப் படகை மட்டும் திட்டத்திலிருந்து நீக்கச் சொல்லி, நடந்தால் தனியாகப் பணம் தருவதாக எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வந்து சேர்வது எப்படி என்பதையும் அட்டவணையோடு சேர்த்தே யோசிக்க வேண்டும். சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு விமானம் இருக்கிறது. 2023 அக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடத் தொடங்கிய நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் வந்து சேர்கிறது. கப்பலில் வருபவர்கள் நெடுந்தீவை மறுநாள் காலைக்கே வைக்காமல், நடுவில் ஒரு நாளை யாழ்ப்பாணத்தில் சும்மா இருக்க விட்டுவிடுங்கள். கப்பல் ஒரு நாள் தள்ளிப்போனாலும் குறிகட்டுவான் படகுக்கு நேரம் இருக்கும். அந்த உபரி நாளுக்கான அறை வாடகையை முன்கூட்டியே கணக்கில் சேர்க்கச் சொன்னால் நிறுவனம் சேர்த்துக் கொடுக்கிறது. கேட்காவிட்டால் தானாகச் சொல்வதில்லை.