கேமரா பை வாங்கப் போறவங்க கவனத்துக்கு: கொக்கியைப் பாக்காம காசு கொடுத்துடாதீங்க

கடலூர், பாண்டி பக்கம் கேமராவுக்குத் தோள்பை வாங்கப் போறீங்கன்னா இதைப் படிச்சிட்டுப் போங்க. எனக்குப் பைக்குப் போனது 2,400 ரூபாய். அந்தப் பையால லென்ஸுக்குப் போனது 5,600.

காதுகுத்து, வளைகாப்பு மாதிரி சின்ன விசேஷங்களுக்குப் படம் எடுக்குறேன். வீடு திருப்பாதிரிப்புலியூர். வண்டி கிடையாது, எங்க போனாலும் பஸ்தான். அதனால கேமராவுக்கு ஒண்ணு, சாப்பாட்டு டப்பாவுக்கு ஒண்ணுன்னு ரெண்டு பையைச் சுமக்க முடியாது. எல்லாம் ஒண்ணுலயே அடங்கணும், பாத்தா கேமரா பைன்னு தெரியவும் கூடாது. தீபாவளிக்கு ரெண்டு வாரம் முன்னாடி, பாண்டி நேரு வீதியில ஒரு கடையில அப்படி ஒண்ணு இருந்துச்சு. சாம்பல் நிறம், உள்ள மூணு தடுப்பு, பக்கத்துல பாட்டில் வைக்க இடம்.

"ஃபுல் வாட்டர்ப்ரூஃப் மேடம், ஒரு வருஷம் கேரண்டி"ன்னாரு கடைக்காரர். ஒரு டம்ளர் தண்ணியை மூடி மேல ஊத்தியும் காட்டினாரு. முத்து முத்தா உருண்டு ஓடுச்சு. பில் கேட்டேன். "பில் போட்டா ஜிஎஸ்டி சேரும். எதுன்னாலும் எடுத்துட்டு வாங்க, நான் இங்கதானே இருக்கேன்"னு துண்டுச்சீட்டுல தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தாரு. தீபாவளிக் கூட்டம், பின்னாடி பத்துப் பேர் நிக்கிறாங்க. ஜிபேல அனுப்பிட்டு வந்துட்டேன்.

பத்து நாள்ல மழை. தவளக்குப்பத்துல பஸ்ஸுக்குக் கால் மணி நேரம் நின்னதுக்கே உள்ள இருந்த துண்டு ஈரமாயிடுச்சு. துணி ஒழுகலை. ஜிப் வழியாவும், அடியில ஊசி போன ஓட்டை வழியாவும் தண்ணி இறங்கியிருக்கு. அவரு தண்ணி ஊத்தினது தையலே இல்லாத மூடி மேல. அதை அன்னைக்கு நான் யோசிக்கலை.

பத்தொன்பதாவது நாள் கடலூர் பஸ் ஸ்டாண்டுல இறங்குறேன். கடைசிப் படியில கால் வச்சு உடம்பு குலுங்கினதும் தோள்ல 'டக்'னு ஒரு சத்தம். பட்டையைப் பையோட மாட்டியிருக்குற கொக்கி உடைஞ்சு, பட்டை கையோட நிக்குது, பை கீழ கிடக்குது. கேமரா பாடிக்கு ஒண்ணும் ஆகலை. 18-55 லென்ஸ், அதைக் கேமராவுல மாட்டுற வளையம் (மவுண்ட்) பிளாஸ்டிக், அதோட பல்லு உடைஞ்சு தனியா வந்துடுச்சு. மறுநாள் ஒரு காதுகுத்து இருந்துச்சு, தோழிகிட்ட லென்ஸ் இரவல் வாங்கித்தான் போனேன்.

லாரன்ஸ் ரோட்டுல பை, செருப்பு தைக்கிற அண்ணன்கிட்ட கொண்டு போனேன். உடைஞ்ச கொக்கியை வெளிச்சத்துல திருப்பிக் காட்டினாரு. வெளியில பளபளன்னு எஃகு மாதிரி பூச்சு. உடைஞ்ச இடத்துல பாத்தா ரவை மாதிரி சாம்பல் நிறத்துல பொறபொறன்னு இருக்கு, நடுவுல கடுகு அளவுக்கு ஒரு குழி. "இது வார்ப்புக் கொக்கிம்மா. துத்தநாகத்தை உருக்கி ஊத்துறது. ஊத்தும்போது காத்து அடைச்சுக்கிட்டா இப்படித்தான் பட்டுன்னு போகும், வளைஞ்சு கூடக் காட்டாது"ன்னாரு. தடுப்புல இருந்த ஸ்பான்ச்சைக் கட்டை விரலால அமுக்கினாரு. அமுங்கினது அப்படியே நின்னுடுச்சு, எழும்பவே இல்லை.

வீட்டுக்கு வந்து தராசுல வச்சுப் பாத்தேன். கேமரா, ரெண்டு லென்ஸ், ஃபிளாஷ், சார்ஜர், டப்பா, ஒரு லிட்டர் தண்ணி, குடை எல்லாம் சேத்து 4 கிலோ 300 கிராம். கடையில நான் மாட்டிப் பாத்தது காகிதம் அடைச்ச பை. தயவுசெஞ்சு உங்க சாமான் எல்லாத்தையும் கடைக்கே எடுத்துட்டுப் போங்க. தண்ணி பாட்டிலை நிரப்பி வச்சு, தோள்ல மாட்டி, ரெண்டு தடவை குதிச்சுப் பாருங்க. பட்டை பையோட சேர்ற இடத்துல கட்டம் போட்டு நடுவுல பெருக்கல் குறி மாதிரி தைச்சிருக்கணும். கொக்கியே இல்லாம பட்டையை நேரா பையோட வச்சுத் தைச்சிருந்தா இன்னும் நல்லதுன்னு அந்த அண்ணன் சொன்னாரு. கொக்கியில காந்தம் ஒட்டினா இரும்பு, எஃகுன்னு நம்பலாம். ஒட்டாதது பித்தளையாவும் இருக்கலாம், அதனால அதை மட்டும் வச்சு முடிவு பண்ணிடாதீங்க.

இருபத்தோராவது நாள் அந்தக் கடைக்குப் போனேன். "வித்த பொருளைத் திருப்பி வாங்க மாட்டோம், நீங்க ஓவரா வெயிட் ஏத்தியிருப்பீங்க"ன்னு முகத்தைத் திருப்பிக்கிட்டாரு. கேரண்டின்னு சொன்னதே இல்லைன்னுட்டாரு. எனக்கு அழுகையே வந்துடுச்சு. வித்தது கேமரா பைன்னு சொல்லித்தானே, அதுல கேமரா வைக்காம வேற என்ன வைக்கிறது?

அப்புறம்தான் விசாரிச்சேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராம இருக்குறதே முறைகேடான வணிகம். பழுதான பொருளைத் திருப்பி எடுக்க மறுக்குறதும் அப்படித்தான். பில்லுல காலக்கெடு எதுவும் போடலைன்னா 30 நாள் கணக்கு. நான் போனது அதுக்குள்ள. கடை பாண்டியில இருந்தாலும், நான் குடியிருக்குற கடலூர்லயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல புகார் கொடுக்கலாம். 5 லட்சம் வரைக்கும் கட்டணம் இல்லை, ரெண்டு வருஷம் அவகாசம் இருக்கு. பில் இல்லைன்னாலும் ஜிபே பதிவு இருக்கு, துண்டுச்சீட்டு இருக்கு. நீங்க காசாக் கொடுத்து பில்லும் வாங்கலைன்னா, வாங்கினதை நிரூபிக்கவே படாதபாடு படணும்.

முதல்ல தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் பண்ணிப் புகார் பதிஞ்சிருக்கேன். அவங்க பேசியும் கடைக்காரர் இறங்கி வரலைன்னா ஆணையத்துக்குப் போறதா இருக்கேன். பையில இப்ப காய்கறி வாங்கிட்டு வர்றேன். உடைஞ்ச கொக்கியை மட்டும் துண்டுச்சீட்டோட சேத்து ஒரு டப்பாவுல போட்டு வச்சிருக்கேன்.