வெடித்த தோலுக்குப் பூசுவதா, குடிப்பதா? சீன மருத்துவத்தின் இரண்டு கட்சிகள்

பெய்ஜிங்கில் நவம்பர் 15 வாக்கில் நகரம் முழுக்க வீடுகளைச் சூடாக்கும் குழாய்களைத் திறந்துவிடுவார்கள். மார்ச் 15 வரை ஓடும். வெளியே ஈரப்பசையே இல்லாத குளிர்காற்று, உள்ளே கைவைக்க முடியாத சூட்டில் ரேடியேட்டர். இந்த நாலு மாதத்தில் விரல் நுனியும் குதிகாலும் வெடித்து, தண்ணீர் பட்டாலே சுரீர் என்று எரியும். மருந்து கேட்டால் ஒருவர் களிம்பைக் கையில் கொடுப்பார். இன்னொருவர் நாக்கை நீட்டச் சொல்லி, நாடி பிடித்துப் பார்த்து, கஷாயத்துக்கு மூலிகை மடித்துத் தருவார். இரண்டுமே சீன மரபு மருத்துவம்தான்.

காரணத்தைப் பற்றி அந்த மருத்துவத்துக்குள்ளேயே இரண்டு பார்வை இருப்பதால்தான் இந்தப் பிளவு. 610-ல் சாவ் யுவான்ஃபாங் தொகுத்த நோய்க்காரண நூலில் கைகால் வெடிப்புக்குத் தனி இடமே உண்டு. குளிர்காலத்தில் காற்றும் குளிரும் பட்டுத் தோல் பிளக்கிறது என்கிறது அது. அதாவது கோளாறு வெளியிலிருந்து வருகிறது. இன்னொரு பக்கம், காற்று, குளிர், கோடை வெப்பம், ஈரம், வறட்சி, தீ என்ற ஆறு நோய்க்காரணிகளில் வறட்சியும் ஒன்று. இலையுதிர் காலம் அதன் பருவம், நுரையீரல் அதன் உறுப்பு, அந்த நுரையீரலே தோலையும் ஆள்கிறது என்பது கணக்கு. வேடிக்கை என்னவென்றால், சீன மருத்துவத்தின் ஆதிநூலான ஹுவாங்தி நெய்ஜிங் தரும் 19 நோய்விதிகளில் வறட்சிக்கு ஒரு விதிகூட இல்லை. உலர்ந்து, சுருங்கி, வெடித்து உரிவதெல்லாம் வறட்சியின் வேலை என்று 12-ம் நூற்றாண்டில் லியூ வான்சு என்ற மருத்துவர் அதைச் சேர்த்தார். பின்னால் வந்தவர்கள் உடம்பில் ரத்தம் குறைந்தால் தோலுக்கு ஊட்டம் போகாது என்று இதை உள்நோயாகவும் விரித்தார்கள்.

முதலில் களிம்புக் கட்சி. இதன் வயது ஆச்சரியப்படுத்தும். ஜுவாங்ஸி என்ற பழைய சீனத் தத்துவ நூலில் ஒரு கதை வருகிறது. சோங் நாட்டில் ஒரு குடும்பம் தலைமுறை தலைமுறையாகப் பட்டுப்பஞ்சைத் தண்ணீரில் அலசிப் பிழைத்தது. கை வெடிக்காமலிருக்க அவர்களிடம் ஒரு களிம்பு இருந்தது. வழிப்போக்கன் ஒருவன் அதன் செய்முறையை நூறு பொன்னுக்கு வாங்கிப்போய் வூ நாட்டு அரசனிடம் சேர்ந்தான். குளிர்காலத்தில் யுவே படையோடு நடந்த நீர்ப்போரில் வூ படையை நடத்தி வென்று, நிலமானியமும் பெற்றான். கதை மருந்தைப் பற்றியதல்ல, பயன்படுத்தத் தெரிந்தவனைப் பற்றியது. ஆனாலும் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே கைவெடிப்பு தண்ணீரில் வேலை செய்கிறவர்களின் நோய் என்பதும், அதற்குப் பூச்சுதான் மருந்து என்பதும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

இன்று இந்தக் கட்சியின் நட்சத்திரம் ஊதா நிறக் களிம்பு. சீனத்தில் ஸியுன் காவ், ஜப்பானில் ஷியுன்கோ. மிங் வம்ச காலத்து அறுவை மருத்துவர் சென் ஷிகோங் 1617-ல் எழுதிய நூலில் உள்ள ருன்ஜி காவ் என்ற களிம்பை எடுத்து, அதில் பன்றிக்கொழுப்பைச் சேர்த்து மாற்றியவர் ஜப்பானியர் ஹனவோகா சேய்ஷூ. 1804-ல் நோயாளிக்கு மூலிகை மயக்கமருந்து கொடுத்து மார்பகப் புற்றுக்கு அறுவை செய்தவரும் இவரேதான். செய்முறை எளிது. நல்லெண்ணெயைக் காய்ச்சித் தேன்மெழுகும் கொழுப்பும் கரைத்து, தாங்குவெய் வேரைப் போட்டு எடுத்துவிட்டு, கடைசியில் 140 டிகிரி வாக்கில் ஸிட்சாவ் வேரைப் போடுவார்கள். வேம்பாளம்பட்டை போட்ட தேங்காய் எண்ணெய் சிவப்பது போல எண்ணெய் கருஞ்சிவப்பாகும். சூடு மீறினால் நிறம் கெட்டுவிடும்.

இது ஏன் வேலை செய்கிறது என்பதற்குத் தத்துவமே வேண்டாம். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் எண்ணெய்ச் சுரப்பிகள் கிடையாது. அங்கே ஈரம் தங்க வேண்டுமானால் மேலே ஒரு பூச்சு இருக்க வேண்டும். மெழுகும் எண்ணெயும் அதைச் செய்துவிடுகின்றன. வேரின் பங்கு கூடுதல் லாபம் என்றே எடுத்துக்கொள்கிறேன். குறைகளும் உண்டு. தலையணை உறை, சாக்ஸ் எல்லாம் ஊதாவாகும். எள் வாசனையோடு கொழுப்பு வாடையும் வரும். சைவர்களும் முஸ்லிம்களும் பன்றிக்கொழுப்பு இருக்கிறதா என்று கேட்டு வாங்க வேண்டும்; அது இல்லாமலும் செய்கிறார்கள். ஸிட்சாவ் வகைச் செடிகளில் கல்லீரலைக் கெடுக்கும் பைரோலிசிடின் ஆல்கலாய்டுகள் இருப்பதால், ஆழமாகப் பிளந்த புண்ணிலும் கர்ப்பிணிகளுக்கும் இதைத் தாராளமாகப் பூசச் சொல்ல மாட்டேன்.

இதற்கு ஏழை வீட்டுச் சொந்தம் ஒன்று உண்டு. சீனாவில் வயதானவர்களைக் கேட்டால் சிப்பி எண்ணெய் என்பார்கள். நிஜச் சிப்பி ஓட்டுக்குள் அடைத்து, சில்லறைக் காசுக்கு விற்ற கைப்பூச்சு. உள்ளே இருப்பது பெரும்பாலும் வாசலினும் கனிம எண்ணெயும்தான். மூலிகைக் கோட்பாடு ஒன்றும் கிடையாது. ஆனால் ஒரு தலைமுறையே குளிர்காலத்தை இதை வைத்துத்தான் ஓட்டியது. கையை வெந்நீரில் ஊறவைத்து, துடைத்து, ஈரம் காயுமுன் பூசி, பிளவின் மேல் பிளாஸ்திரி ஒட்டுவது வீட்டு வழக்கம். வெறும் வெடிப்புக்கு ஊதாக் களிம்புக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை, விலையைத் தவிர. இன்றைய சீனத் தோல் மருத்துவர் எழுதித் தருவதும் பெரும்பாலும் யூரியா கிரீம்தான். 5, 10 சதவீத யூரியா கிரீம் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே இருக்கிறது. தடித்துப்போன குதிகாலுக்கு யூரியாவே மேல். பிளவு திறந்திருந்தால் மட்டும் எரியும்.

சரி, கஷாயக் கட்சிக்கு வருவோம். இங்கே பெரிய பெயர் தாங்குவெய் யின்ட்சு. சோங் வம்ச காலத்தில் யான் யோங்ஹே 1253-ல் எழுதிய நூலில் வருகிறது. ரத்தத்தை ஊட்டும் தாங்குவெய், வெண்பியோனி, சுவான்சியோங், ரெஹ்மானியா ஆகிய நாலையும் அடித்தளமாக வைத்து, காற்றை விரட்டும் மூலிகைகளைச் சேர்த்தது. ஜப்பானில் இது 86-ம் எண் போட்ட பொடியாகக் கிடைக்கிறது. யாருக்கு? குளிர்காலத்தில் உடம்பு முழுக்க அரித்து, சொறிந்தால் மாவுபோல உதிரும், முகமும் நாக்கும் வெளிறிய, நாடி மெலிந்த முதியவர்களுக்கு. இந்தக் குறிப்பைக் கவனித்தால் சண்டை பாதி தீர்ந்துவிடுகிறது. விரல் நுனி மட்டும் வெடித்த தையல்காரருக்கோ பாத்திரம் தேய்ப்பவருக்கோ இது எழுதப்படவே இல்லை.

கஷாயத்துக்கு ஆதாரம் எப்படி? எக்ஸிமா என்ற அரிப்புத் தோல்நோயைப் பார்த்தால் ஓரளவு தெரியும். 10 மூலிகைகள் கொண்ட ஒரு சீனக் கஷாயத்தை லண்டனில் போலிக் கஷாயத்தோடு ஒப்பிட்டுச் சோதித்து, நல்ல பலன் என்று 1992-ல் வெளியிட்டார்கள். பெரிய பரபரப்பு. 1999-ல் அதே கலவையை ஹாங்காங்கில் சீன நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது போலியைவிடச் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. கஷாயத்தில் ஆபத்தும் அதிகம். தாங்குவெய் யின்ட்சுவில் சேரும் ஹெ ஷோவூ வேர் கல்லீரலைப் பாதித்த சம்பவங்கள் நிறையப் பதிவாகியிருக்கின்றன. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர் தாங்குவெய் எடுத்தால் ரத்தக்கசிவு வரலாம். களிம்பில் தவறினால் கழுவிவிடலாம், குடித்ததை என்ன செய்வது?

இதே கட்சியில் பணக்கார உறுப்பினர் அஜியாவ், கழுதைத்தோலைக் காய்ச்சி எடுக்கும் கட்டி. ஷான்டோங்கின் தோங்அ தான் அதற்குப் பெயர்போன ஊர். ரத்தம் ஊறும், தோல் மினுங்கும் என்று விற்கிறார்கள். கைவெடிப்புக்காக அதை வாங்குவது பணத்தைக் கரைப்பது. இந்தத் தேவையால் ஆப்பிரிக்காவில் ஏழைகளின் கழுதைகள் திருடுபோக, தோலுக்காகக் கழுதை அறுப்பதை 15 ஆண்டுகளுக்கு நிறுத்த ஆப்பிரிக்க ஒன்றியம் 2024 பிப்ரவரியில் முடிவெடுத்தது. எனக்கு அந்த ஒரு காரணமே போதும்.

நடுவில் நிற்பது சமையலறை. கற்கண்டு போட்டு வேகவைத்த பேரிக்காய், வெள்ளைக் காளான் சூப், லில்லிக் கிழங்கு. இலையுதிர் காலத்தில் நுரையீரலை நனைக்கும் என்று வீட்டுக்கு வீடு செய்வார்கள். வெள்ளைக் காளான் வளர்ப்புக்கு ஃபுஜியானின் குதியான் பெயர்பெற்றது. வேகவேக வழவழவென்று ஜெல்லியாகிற பண்டம், ருசியும் உண்டு. குதிகால் பிளவு இதனால் மூடும் என்று நான் நம்பவில்லை. தொண்டைக்கு இதமாக இருக்கும், அவ்வளவுதான். சர்க்கரை நோயாளிகள் கற்கண்டை விட்டுவிடலாம்.

ஆக, கைகால் வெடிப்பா, பூச்சு. உடம்பு முழுக்க வறண்டு அரிக்கிற முதியவரா, முதலில் தைராய்டு, சிறுநீரகம், சர்க்கரை எல்லாம் பார்த்துவிட்டு, அப்புறம் பதிவுபெற்ற சீன மருத்துவரிடம் கஷாயம் கேட்கலாம். சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு இது சுலபம். அங்கே 2000-ல் வந்த சட்டப்படி சீன மருத்துவர்கள் பதிவு செய்தே தொழில் நடத்த வேண்டும். கால் மரத்துப்போன சர்க்கரை நோயாளிக்குக் குதிகால் பிளந்தால் மேலே சொன்ன எதுவும் வேண்டாம், நேரே டாக்டர்.

பூச்சிலும் ஒரு எச்சரிக்கை. பெயர், உள்ளடக்கம் எதுவும் எழுதாத டப்பாவில் வரும் ‘சீன மூலிகைக் களிம்பு’ இரண்டே நாளில் அரிப்பை அடியோடு நிறுத்தினால் சந்தோஷப்படாதீர்கள். 1999-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆய்வில், லண்டனில் நோயாளிகளிடமிருந்து வாங்கிப் பரிசோதித்த 11 களிம்புகளில் 8-ல் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருந்தது. சிலவற்றைக் குழந்தைகளின் முகத்துக்குப் பூசிக்கொண்டிருந்தார்கள்.